கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: பள்ளிக்கூட மேடைக்குப் பெண் விஞ்ஞானி ஒருவரின் கதை வேண்டும். மேரி கியூரி வேண்டாம், பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது.
- விஞ்ஞான ஆசிரியை, சுன்னாகம்

பதில்: எனக்கும்தான் ரீச்சர்! ரொசலின்ட் பிராங்க்ளினை எடுங்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1952இல் அவரும் மாணவர் கொஸ்லிங்கும் எடுத்த டி.என்.ஏ. எக்ஸ்கதிர்ப் படம், அடுத்த ஜனவரியில் ரொசலின்டுக்குத் தெரியாமலே, டி.என்.ஏ.யின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த இன்னொரு விஞ்ஞானியான வாட்சனுக்குக் காட்டப்பட்டது. காட்டியவர் உடன் வேலை செய்த வில்கின்ஸ். அந்தக் காட்சியில் நாடகத்தை அப்படியே நிறுத்திவிட்டு, பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை மேடைக்கு ஏற்றுங்கள். ஒருத்தி வில்கின்ஸாக நின்று வேறு முடிவு எடுக்கட்டும். பெடியன்களும் ரொசலின்டாக நடிக்கட்டுமே! அவரை அழவைத்து மட்டும் கெடுத்துவிடாதீர்கள், வாதாடத் தயங்காத பெண் அவர். 1958இல், 37 வயதில் இறந்தார். டி.என்.ஏ. வடிவத்துக்காக 1962இல் நோபல் வாங்கியவர்கள் வாட்சனின் கூட்டாளி கிரிக், வாட்சன், வில்கின்ஸ். இறந்தவருக்குப் பரிசில்லை என்ற வழக்கத்தையும் வசனத்தில் சேருங்கள், இல்லாவிட்டால் முன்வரிசையில் யாராவது எழும்பிக் கேட்பார்கள்.