காதுக்குள் மயிர்ச்செல் வளர்க்கும் மாத்திரை: வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. குமாரபாளையத்தில் பல வருடம் விசைத்தறி ஓட்டியவர். இப்போது பக்கத்தில் நின்று பேசினாலும் பாதிதான் கேட்கிறது. 'உள்காதின் மயிர்ச்செல்கள் மறுபடி வளரும்' என்று ஆன்லைனில் மாத்திரையும் சொட்டு மருந்தும் விற்கிறார்கள். மூன்று மாதத்துக்கு 9,000 ரூபாய். காது மெஷின் மாட்டவே மாட்டேன் என்கிறார் அப்பா. இதை வாங்கிக் கொடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம். செத்துப்போன மயிர்ச்செல்லை மனிதக் காதில் மறுபடி வளர்க்க, அனுமதி பெற்ற மருந்து இன்று எந்த நாட்டிலும் இல்லை.

ஒரு காதில் சுமார் 15,000 மயிர்ச்செல்களோடு பிறக்கிறோம். ஒலியின் அதிர்வை நரம்புக்குப் புரியும் சமிக்ஞையாக மாற்றுபவை இவைதான். தறிச் சத்தம் வருடக்கணக்கில் அடித்தால் இவை சாகும், திரும்ப முளைக்காது. பறவைகளுக்கு முளைக்கும்! கோழி, காடை ஆகியவற்றின் காதில், செத்த மயிர்ச்செல்லுக்குப் பதில் புதியது முளைப்பதை 1988இல் கண்டுபிடித்தார்கள். பக்கத்திலுள்ள துணைச்செல்களிலிருந்தே அவை உருவாகின்றன. பாலூட்டிகளிலும் அதை எழுப்ப முடியுமா என்ற தேடல் அன்று தொடங்கியது. பிறந்த சில நாள் எலிக்குஞ்சிடம் அந்தத் திறன் கொஞ்சம் இருக்கிறது, வளர்ந்ததும் போய்விடுகிறது.

மனிதர்களிடம் பெரிதாக முயன்றது அமெரிக்காவின் ஃப்ரீக்வென்சி தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம். எஃப்எக்ஸ்-322 என்ற அதன் மருந்தைச் செவிப்பறை வழியாக ஊசியில் நடுக்காதுக்குள் செலுத்தினார்கள். முதலில் நம்பிக்கை தந்தது. ஆனால் 2023 பிப்ரவரியில் வந்த சோதனை முடிவில், வெற்று ஊசி போட்டவர்களைவிடப் பலன் தெரியவில்லை. அந்த மருந்தையே கைவிட்டார்கள். ஊசி போட்டே முடியாததை, செவிப்பறைக்கு வெளியே நிற்கும் சொட்டு மருந்து எப்படிச் செய்யும்?

பிறவியிலேயே கேட்காத குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சையில் காது கேட்டது என்று 2024இல் வந்த செய்தியையும் விற்பவர் காட்டலாம். அது உண்மைதான். ஆனால் ஓட்டோஃபெர்லின் என்ற ஒரே மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கானது அது. அவர்களின் மயிர்ச்செல்கள் உயிரோடு இருக்கின்றன. உங்கள் அப்பாவின் நிலை வேறு.

அந்தப் பணத்தை இப்படிச் செலவழியுங்கள். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் அழுக்கு அடைத்திருந்தாலும் கேட்காது, அதை எடுத்தாலே போதும். பிறகு ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம். மெஷின் தேவை என்றால், ஆடியாலஜிஸ்ட் (கேட்புத்திறன் நிபுணர்) அந்த வரைபடத்தைப் பார்த்து அமைத்துத் தர வேண்டும். சத்தத்தை மட்டும் கூட்டும் மலிவுப் பெருக்கியை வாங்காதீர்கள். சில நாள் வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அப்பாவின் பிடிவாதம் தளர இந்தச் சோதனை நாட்கள் மிகவும் உதவும், பேரப்பிள்ளைகளின் பேச்சு காதில் விழுந்தால் அவரே கழற்ற மாட்டார். வசதி குறைவென்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவச மெஷினுக்கு விசாரியுங்கள்.

ஒருவேளை ஏற்கெனவே வாங்கியிருந்தால் சொட்டு மருந்தைக் காதில் விடாதீர்கள், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஆபத்து. பில்லையும் விளம்பரப் படத்தையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் செய்யுங்கள். காது கேளாமையைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.