அம்மம்மாவின் கல்வெட்டில் என்ன எழுதுவது?

வணக்கம். அம்மம்மா காலமாகிப் பதினொரு நாள். இளைப்பாறிய ஆசிரியை, வலிகாமத்தில் மூன்று பாடசாலைகளில் படிப்பித்தவ. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அடிக்க வேண்டும். வாழ்க்கை வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுதிப் பார்த்தால் "பண்பின் சிகரம், பாசத்தின் இருப்பிடம்" என்றுதான் வருகிறது. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவையும் நானே எழுதலாமா?

– ஒரு பேத்தி, அளவெட்டி

அன்புள்ள பிள்ளைக்கு,

சிகரத்தையும் இருப்பிடத்தையும் முதலில் வெட்டிவிடுங்கள். பஞ்சபுராணமும் சிவபுராணமும் அச்சகத்திலேயே தட்டச்சிட்டபடி கிடக்கும், கேட்டதும் சேர்த்துவிடுவார்கள். நீங்கள் உழைக்க வேண்டியது அம்மம்மாவைப் பற்றிய அந்த ஆறேழு பக்கத்துக்குத்தான்.

சேவைக்காலத்தை மாமாமாரின் ஞாபகத்தை நம்பி எழுத வேண்டாம். நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதம், ஓய்வூதியப் பத்திரம் அலுமாரியில் இருக்கிறதா என்று பாருங்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு பல வீடுகளில் இவை தொலைந்தன. தொலைந்திருந்தால் பாடசாலை அதிபரிடம், பாடசாலை நிகழ்வுகளைப் பதியும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். பழைய புத்தகம் தப்பியிருந்தால் கடமையேற்ற நாள் அதில் இருக்கக்கூடும். அதுவும் இல்லையென்றால் கூடப் படிப்பித்தவர்களிடம் போங்கள். "எந்த ஆண்டு?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். "உங்கட மூத்தவர் அப்ப எத்தனையாம் வகுப்பு?" என்று கேளுங்கள், கணக்குத் தானாக வரும். அப்படியும் பிடிபடாவிட்டால் 'எழுபதுகளின் நடுவில்' என்று விடலாம். பிழையான ஆண்டு அச்சேறினால் அடுத்த தலைமுறைக்கு அதுதான் ஆதாரம்.

பாடசாலைப் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. 1960 இன் இறுதியில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பிறகு பல சைவ, மிஷன் பள்ளிக்கூடங்களுக்குப் பெயர் மாறியது. அவ படிப்பித்த காலத்துப் பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரு பள்ளிக்கூடம் இரண்டாகிவிடும். ஆசிரியர் பயிற்சி பெற்றது கோப்பாயிலா பலாலியிலா என்பதையும் 'கலாசாலை' என்று மொட்டையாக விடாதீர்கள்.

இனிப் பழைய மாணவர்கள். "ரீச்சர் எப்படி?" என்று கேட்டால் "நல்லவ, ஆனால் கண்டிப்பு" என்றுதான் வரும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். பணிஸ் பங்கிட்டு மிஞ்சினால் யாருக்குப் போகும்? பிரம்பு மேசையில் கிடக்குமா, லாச்சிக்குள்ளா? பிழைத்த கணக்கைச் சிவப்பு மையால் குறுக்கே வெட்டுவாவா, சுழித்துவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுவாவா? விஜயதசமிக்கு யார் யாருடைய விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதினா? பத்துப் பேரைக் கேட்டால் இரண்டு மூன்று பேர் ஒரே சங்கதியைச் சொல்லக்கூடும். வரலாற்றை அதில் தொடங்குங்கள், பிறந்த ஊரும் பெற்றோரும் இரண்டாம் பந்தியில் வரட்டும்.

பாடக்குறிப்புக் கொப்பி ஒன்று கிடைத்தால் ஒரு பக்கத்தை அப்படியே படமாகப் போடுங்கள். இடம் போதாவிட்டால் அனுதாபச் செய்திகளில் மூன்றைக் குறையுங்கள், அந்தப் பக்கத்தை எடுக்காதீர்கள்.

வெண்பா எழுதலாம், யாப்பு தெரிந்தால். ஆண்டு, மாதம், பட்சம், திதி, பெயர் எல்லாம் நாலடிக்குள் அடங்க வேண்டும். ஈற்றடிக்கு மூன்று சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்று. கனிச்சீர் வரக்கூடாது. விசுவாவசு ஆண்டில் பலரும் இடறுவது இங்கேதான்: 'விசுவாவசு' ஒரே சீராக நின்றால் நிரை நேர் நிரை, அதாவது புளிமாங்கனி என்ற கனிச்சீர். 'விசுவா வசுவாண்டில்' என்று பிரித்தால் புளிமாவும் புளிமாங்காயும் ஆகும். மாமுன் நிரை வருவதால் தளை தட்டாது. காய்முன் நேர் வர வேண்டும் என்பதால் அடுத்து 'மார்கழி' நிற்கும், 'புரட்டாதி' நிற்காது.

ஆனால் டிசம்பரை மார்கழி என்று சொல்லும் எங்கள் ஊர்ப்பழக்கம் இங்கே காலை வாரிவிடும். டிசம்பரின் முதற் பாதி பஞ்சாங்கத்தில் கார்த்திகை. அதேபோல, உயிர் பிரிந்தது இரவு ஒரு மணி என்றால் திகதி மாறியிருக்கும், திதி மாறியிருக்க வேண்டியதில்லை. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் வேறுபடும். குடும்பத்துக் குருக்கள் எதைப் பார்த்துத் திவசத் திதி சொன்னாரோ அதையே வெண்பாவிலும் வையுங்கள்.

சண்டை வருவதென்றால் வம்சாவளியில்தான் வரும். சிறுவயதில் இறந்த பிள்ளை, இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள், பெறாமக்கள் – விடுபடுவது எப்போதும் இவர்கள்தான். வரைந்த மரத்தைப் படமெடுத்து ஒவ்வொரு கிளைக்கும் வைபரில் அனுப்பி, "சரி" என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி வேண்டாம்.

பழைய அல்பத்தில் ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், தாளோடு ஸ்கான் செய்யுங்கள். இரண்டங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியில் எடுத்தால் அச்சில் நாலங்குலம் வரை தெளிவாக நிற்கும். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தால் முகம் கரைந்துவிடும். வைபரில் வரும் படம் சுருங்கியிருக்கும். வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர்களிடம் கோப்பாகவோ மின்னஞ்சலிலோ கேளுங்கள்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்க வேண்டும். 40 பக்கம் தாராளம். அச்சகத்துக்குக் குறைந்தது எட்டு நாள் விடுங்கள். இருப்பது இருபது நாள், ஆகவே இன்றிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் எல்லாம் கையளித்திருக்க வேண்டும். நீங்கள் கைப்பேசியில் எழுதியதை அச்சகத்தின் பாமினி எழுத்துருவுக்கு மாற்றும்போது 'ஸ்ரீ' உடையலாம், 'ஔ' என்பது 'ஒள' ஆகலாம். புரூஃபை நீங்கள் பார்க்க வேண்டாம், எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. வேறொருவர் பெயர்களை மட்டும் உரக்க வாசிக்க, நீங்கள் மூலப்பிரதியில் குறியிட்டு வாருங்கள்.

அடித்து முடிந்ததும் அச்சகத்திடம் பிடிஎஃப் கோப்பை வாங்கிவைத்து, ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். நினைவு மலர்களையும் அவர்கள் எண்ணிமமாக்கி வைக்கிறார்கள். அவ படிப்பித்த மூன்று பாடசாலைகளுக்கும் ஒவ்வொன்று.