பாட்டியின் தையல் நினைவுகளிலிருந்து ஓர் ஒட்டுப்போர்வை: கேள்வி பதில்

கேள்வி: பாட்டியின் தையல் எந்திரம், பித்தான் டப்பா, அளவு நாடா, கத்தரிக்கோல் என எல்லாவற்றின் வடிவத்தையும், துணித் துண்டுகளைக் கட்டம் கட்டமாக இணைத்துத் தைக்கும் ஒரே போர்வையில் கொண்டுவர விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: ஒன்றைத் தவிர மற்றவற்றை விட்டுவிடுவதில் தொடங்குங்கள். எல்லாம் சேர்ந்தால் போர்வை தையற்கடையின் பெயர்ப்பலகையைப் போலாகிவிடும். நீங்கள் சொன்ன பட்டியலில் இல்லாத நூற்கண்டையே நான் தேர்ந்தெடுப்பேன். ஏனெனில் அதை நேர்க்கோடுகளாலேயே அமைக்கலாம், பழைய துணியும் மிகக் குறைவாகவே தேவைப்படும். தைத்து முடித்தபின் 9 அங்குலம் இருக்கவேண்டிய ஒரு கட்டத்தின் நடுவில் 3 அங்குலச் சதுரம் நூலாக அமையும்; அதன் மேலும் கீழும் வரும் சரிவகத் துண்டுகள் நூல் சுற்றிய கட்டையாகவும், இருபக்கத் துண்டுகள் பின்னணியாகவும் தோன்றும். நடுச் சதுரத்திற்கு மட்டும் வீட்டாரின் பழைய துணியைப் பயன்படுத்தி, மற்றவற்றிற்கு ஒரே நிறப் புதுப் பருத்தித் துணியை எடுத்தால் கண் தானாகவே பழைய துணியிடம் போய் நிற்கும். குறுக்கே 5, நெடுக்கே 7 எனக் கட்டங்களை இணைத்தால், ஓரப்பட்டி இல்லாமலேயே 45க்கு 63 அங்குலம் கிடைக்கும்.

கேள்வி: அம்மா தைத்துத் தந்த பாவாடையை வெட்ட மனம் வரவில்லை. வெட்டித்தான் ஆகவேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கை தயங்கினால் வெட்டாதீர்கள். பிறகு ஒட்டவைக்க முடியாது. முழு உடையையும் படமெடுத்துவிட்டு, கீழ்மடிப்பை மட்டும் பிரித்துப் பாருங்கள். வெயில் படாத அந்த உள்மடிப்பில்தான் துணியின் பழைய நிறம் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். 3½ அங்குலச் சதுரம் (தைத்தபின் 3 அங்குலமாகும்) ஒன்றிரண்டு எடுக்க அதுவே போதலாம். எடுக்குமுன் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து இழை நைந்திருக்கிறதா எனப் பாருங்கள். நலிந்த துணியாயின், இஸ்திரி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸைப் பின்பக்கம் ஒட்டிய பிறகே வெட்டவேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்பதையும் சோதியுங்கள். அடர்சிவப்பு என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது.

கேள்வி: பாட்டியின் பெட்டியிலிருந்த பருத்தி நூலாலேயே தைக்கலாமா?

பதில்: வேண்டாம். நாள்பட்ட பருத்தி நூல் வலுவிழந்திருக்கும். விரலிடையில் இழுத்தாலே அறுந்தால் சந்தேகத்திற்கே இடமில்லை. கண்ணாடிச் சீசாவில் போட்டு, தைக்கும் மேசையின்மேல் வையுங்கள்.

கேள்வி: தாத்தா அளவு குறித்த நோட்டில் அவருடைய கையெழுத்து உள்ளது. அதைப் போர்வையில் கொண்டுவர இயலுமா?

பதில்: இயலும். பிரதி எடுத்துப் பெரிதாக்கி, வெளிச்சம் ஊடுருவும் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே துணியை வைத்து, நீரில் கரையும் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். ஆறிழை எம்பிராய்டரி நூலில் இரண்டிழையைப் பிரித்தெடுத்துப் பின்தையல் (பேக் ஸ்டிச்) இடுங்கள். நீரில் அலசுமுன் இஸ்திரி போட்டால் கோடு நிலைத்துவிடக்கூடும்.

கேள்வி: என் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: தையலுக்கு விடும் கால் அங்குலத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு தையலிலும் 1/16 அங்குலம் கூடுதலாகப் பிடித்தால் இருபுறமுமாக 1/8 அங்குலம் குறையும். ஒரு வரிசையில் எட்டுத் தையல்கள் இருந்தால் ஓர் அங்குலமே காணாமற்போகும். 1½ அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை இணைத்துப் பாருங்கள்; நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் இருக்கவேண்டும்.

கேள்வி: அம்மா பாதியில் விட்ட ஒரு கட்டம் கிடைத்தது. தையல் கோணலாக இருக்கிறது. பிரித்துத் தைக்கட்டுமா?

பதில்: தையலைத் தொடாதீர்கள். அளவு குறைந்தால் சுற்றிலும் பட்டி வைத்து, இணைத்துத் தைத்தபின் 9 அங்குலம் வரும்படி செய்துகொள்ளலாம். ஓரங்கள்தான் முதலில் தேயும் என்பதால், அதை உள்வரிசையில் வையுங்கள்.