ஒத்தை ஓ லூஸ், ரெட்டை ஓ லூஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லூஸ்னு எழுதும்போது ஒரு ஓ போடணுமா ரெண்டு ஓ போடணுமான்னு ஒவ்வொரு தடவையும் குழப்பம் சார். ரெண்டும் ஒரே சத்தம் தானே?
– ஆபீஸ் மெயில் எழுதியே களைச்சுப்போன வாசகர்

பதில்: ஒரே சத்தம் இல்லைங்க, நம்ம காதுக்கு அப்படி கேக்குது, அவ்வளவு தான். ஒரு ஓ போட்டா தொலைக்கிறது, தோக்குறது. ரெண்டு ஓ போட்டா தொளதொளன்னு இருக்கிறது, பேண்ட் லூஸ், நட்டு லூஸ், நாம ஆளைத் திட்டுற லூசு கூட இந்த ரெட்டை ஓ குடும்பம் தான். இப்ப தொண்டையில ரெண்டு விரலை வெச்சு சொல்லிப் பாருங்க. ரெட்டை ஓ லூஸ் முடியும்போது பாம்பு சீறுற மாதிரி வெறும் காத்து தான் வரணும், விரல்ல ஒண்ணும் தெரியாது. ஒத்தை ஓ லூஸ் முடியும்போது தொண்டை அதிரணும், அதாவது இசட் சத்தம். எழுதுறது எஸ், சொல்றது இசட், இது இங்கிலீஷோட திமிர், நாம ஒண்ணும் பண்ண முடியாது.

தமிழ்ல அந்த அதிர்ற சத்தத்துக்கு தனி எழுத்து கிடையாது, சின்ன வயசுலேர்ந்து அதைப் பிரிச்சுக் கேக்க வேண்டிய தேவையும் நமக்கு வரலை, அதனால காது ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டு மூடிடுது. விலைக்கு வர்ற பிரைஸ், பரிசுக்கு வர்ற பிரைஸ், அறிவுரைங்கிற அட்வைஸ், அறிவுரை சொல்றதுங்கிற அட்வைஸ் எல்லாமே இதே கேஸ் தான். விலை, அறிவுரை ரெண்டுக்கும் சி போட்டு காத்தா முடிக்கணும். பரிசுக்கு இசட், அட்வைஸ் பண்றதுக்கு எஸ், ரெண்டும் அதிர்ந்து முடியும். இன்னொரு க்ளூ, அதிர்ந்து முடியுற வார்த்தையில அதுக்கு முன்னாடி உள்ள உயிர் சத்தம் கொஞ்சம் கூடுதலா நீளும். பரிசு பிரைஸை சொல்லும்போது ‘ஐ’யை இழுத்து சொல்லுங்க, விலை பிரைஸை டக்குனு வெட்டுங்க, கேக்குறவங்களுக்கு வித்தியாசம் புரிஞ்சிடும்.

கேள்வி: அப்படின்னா ஸ்டேஷனரியும் உச்சரிப்பு பிரச்சனை தானா?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: இல்லம்மா, இது வேற ஜாதி. பேனா பேப்பர் ஸ்டேஷனரி, நகராம நிக்குற ஸ்டேஷனரி, ரெண்டையும் லண்டன்காரர் சொன்னாலும் பெரும்பாலும் ஒண்ணு தான், காதை நம்பி பிரயோஜனமே இல்ல, கண்ணால தான் பிடிக்கணும். பேப்பர், லெட்டர் ரெண்டும் இ-ஆர்ல முடியுதுல்ல, அதனால பேப்பர் சாமான்ல இ-ஆர்-ஒய். நகராததுக்கு ஏ-ஆர்-ஒய்.

வேடிக்கை என்னன்னா ரெண்டுக்கும் வேர் ஒண்ணு தான். இடைக்கால ஐரோப்பாவுல வியாபாரிங்க பாதி பேர் ஊர் ஊரா சுத்தி வித்தவங்க, பல்கலைக்கழகங்கள் பக்கத்துல புத்தகம் வித்தவங்க மட்டும் ஒரே இடத்துல கடை போட்டு உக்காந்தாங்க, அதனால அவங்களுக்கு ‘ஒரே இடத்துல இருக்கிறவர்’ங்கிற அர்த்தத்துல ஸ்டேஷனர்னு பேர் வந்துச்சு, அப்புறம் அவர் விக்குற சாமானுக்கும் அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு. மாவுக்கும் பூவுக்கும் வர்ற ஃப்ளவர் கூட இப்படித்தான், மாவுல நயமான பகுதியை ‘பூ’ன்னு சொன்னாங்க, 1755ல வந்த சாமுவேல் ஜான்சனோட அகராதியில கூட ரெண்டுக்கும் தனித்தனி ஸ்பெல்லிங் கிடையாது.

கேள்வி: ஒரே சத்தத்துக்கு எதுக்கு ரெண்டு மூணு ஸ்பெல்லிங்? வேணும்னே கஷ்டப்படுத்துறாங்களா?
– பத்தாம் வகுப்பு படிக்கும் பையனின் அம்மா

பதில்: வேணும்னே எல்லாம் இல்ல மேடம், ஸ்பெல்லிங் நின்னு போச்சு, வாய் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. வில்லியம் காக்ஸ்டன் 1476ல இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தை கொண்டு வந்தார், அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஸ்பெல்லிங் இறுகிப் போச்சு. ஆனா அதே காலத்துல, சுமாரா 1400லேர்ந்து 1700 வரைக்கும், நெடில் உயிரெல்லாம் இடம் மாறிக்கிட்டு இருந்துச்சு. கறிக்கு வர்ற மீட், சந்திக்கிறதுக்கு வர்ற மீட் ரெண்டும் அப்போ வேற வேற சத்தம், கடல் சீயும் பாக்குற சீயும் கூட அப்படித்தான், பின்னாடி ஒண்ணா சேர்ந்துடுச்சு. குதிரை வீரர் நைட்டுக்கு முன்னாடி நிக்குற கே இருக்கே, அதை ஒரு காலத்துல நிஜமாவே வாய் விட்டு சொன்னாங்க, நடுவுல உள்ள ஜி-ஹெச்சும் தொண்டையில உரசி வந்த ஒரு சத்தம். எழுதுறதுக்கு வர்ற ரைட்ல முன்னாடி டபிள்யூவும் ஒலிச்சுது. பையன் கிட்ட ‘சைலண்ட் லெட்டர், மனப்பாடம் பண்ணு’ன்னு மட்டும் சொல்லாம, அது ஒரு காலத்துல பேசின எழுத்துன்னு சொல்லிக் குடுங்க, மறக்க மாட்டான்.

கேள்வி: ‘ப்ளீஸ் பேர் வித் மீ’ன்னு மெயில் போட்டேன், மேனேஜர் சிரிக்கிறார். ஏன்?
– பேர் வேண்டாம் சார்

பதில்: பி-ஏ-ஆர்-இ போட்டிருப்பீங்க. அதுக்கு வெறும் உடம்பு, துணி இல்லாததுன்னு அர்த்தம். பொறுத்துக்கோங்கன்னு சொல்ல பி-இ-ஏ-ஆர், கரடி ஸ்பெல்லிங். ஸ்பெல்செக் பல நேரம் கண்டுபிடிக்காது, அதுக்கு ரெண்டுமே சரியான வார்த்தை.

கேள்வி: அஃபெக்ட், எஃபெக்ட் ரூல் ஏதாவது இருக்கா? அப்படியே இட்ஸ் பத்தியும் சொல்லுங்க.
– போட்டித் தேர்வு எழுதுபவர்

பதில்: பாதிக்கிறது வினை, அதுக்கு ஏ. விளைவு பெயர்ச்சொல், அதுக்கு இ. சைடு எஃபெக்ட், சவுண்ட் எஃபெக்ட்னு தினமும் சொல்றோம்ல, அந்த இடத்துல உக்காருற வார்த்தைன்னா கண்ணை மூடிக்கிட்டு இ. தேர்வுல மாட்டி விடுற விதிவிலக்கு ஒண்ணு உண்டு, ஒரு மாற்றத்தை உண்டாக்கி நிறைவேத்துறதுக்கு இ போட்ட எஃபெக்டே வினையாவும் வரும். மனநல மருத்துவத்துல ஏ போட்டது பெயர்ச்சொல்லாவும் வரும், அது உங்க சிலபஸ்ல இருக்காது, விடுங்க.

இட்ஸுக்கு ரூல் எல்லாம் வேண்டாம், அந்த இடத்துல ‘இட் இஸ்’ இல்லன்னா ‘இட் ஹேஸ்’னு விரிச்சுப் படிங்க, பொருந்துனா எஸ்ஸுக்கு முன்னாடி மேல புள்ளிக் கொம்பு, அதாவது அப்பாஸ்ட்ரஃபி, பொருந்தலைன்னா கொம்பு கிடையாது. ஹிஸ்ஸுக்கு கொம்பு போடுறோமா என்ன?

கேள்வி: நர்சிங் முதல் வருஷம். இலியம் ரெண்டு இருக்கு, டயக்ராம்ல மாத்தி எழுதிடுறேன்.
– ஒரு மாணவி

பதில்: சிறுகுடலோட கடைசி பகுதிக்கு ஸ்பெல்லிங் நடுவுல இ, சாப்பிடுறதுக்கான ஈட் அதே எழுத்துல தான் ஆரம்பிக்குது. இடுப்பெலும்போட மேல் பகுதிக்கு ஸ்பெல்லிங் நடுவுல ஐ, ஹிப்லயும் ஐ இருக்கு. வாயால சொல்லும்போது குழப்பம் வந்தா அடைமொழியை யூஸ் பண்ணுங்க, குடலுக்கு இலியல், எலும்புக்கு இலியாக், அது தனியா கேக்கும். ஆனா உண்மையிலேயே ஆபத்தானது ஹைப்போவும் ஹைப்பரும் தான். முதலாவது குறைவு, ரெண்டாவது அதிகம், நேர் எதிர், அவசரத்துல ‘ர்’ முழுங்கிட்டா ரெண்டும் ஒண்ணாயிடும். டூட்டி மாத்தும்போது லோ பிபி, ஹை பிபின்னு நம்பரோட சேர்த்து சொல்லுங்க, எதிர்ல இருக்கிறவரை திருப்பி சொல்ல வைங்க.

கேள்வி: உச்சரிப்பை தமிழ்ல எழுதி வெச்சு படிக்கிறேன், தப்பா?
– அஞ்சல் வழியில் படிக்கும் வாசகர்

பதில்: உயிர் சத்தத்துக்கு நல்லது தான். கல், கால்னு குறில் நெடில் பாத்து வளந்தவங்க நாம, கப்பல் ஷிப்பும் ஆடு ஷீப்பும் நமக்கு ஒரு விஷயமே இல்ல, ஸ்பானிஷ்காரங்க அதுல தான் திணறுவாங்க. மெய்யெழுத்துல தான் காலை வாரும். ‘பேக்கை பேக் பண்ணி பேக் சீட்ல வை’ன்னு எழுதிப் பாருங்க, வாயில மூணும் வேற, தாள்ல மூணும் ஒண்ணு! (இந்த பகுதியையே தமிழ் எழுத்துல தான் எழுதிட்டு இருக்கேன், என் கஷ்டம் எனக்கு.) ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆன்லைன் அகராதிகள்ல ஸ்பீக்கர் படத்தை அமுக்கினா பிரிட்டிஷ், அமெரிக்கன் ரெண்டும் கேக்கலாம், காசு கிடையாது. தமிழ்ல எழுதியே ஆகணும்னா தொண்டை அதிர்ற எழுத்துக்கு மட்டும் கீழ ஒரு கோடு போட்டுக்கோங்க, விலை பிரைஸுக்கு கோடு இல்ல, பரிசு பிரைஸுக்கு கோடு.