கபாப் எல்லாம் ஹலாலா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகன் படிக்க பெர்லின் போகிறான். அங்கே தெருவுக்குத் தெரு டோனர் கபாப் கடையாமே? துருக்கிக்காரர்கள் கடை என்றால் யோசிக்காமல் சாப்பிடலாமா?
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். 1961-ல் அன்றைய மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆலை வேலைக்கு ஆள் எடுத்தது, அப்படிப் போனவர்களோடு, கம்பியில் கூம்பாக அடுக்கிச் சுழலவிட்டுச் சுடும் டோனர் கறியும் போனது. 1972-ல் மேற்கு பெர்லினில் காதிர் நுர்மான் என்பவர், வேலைக்கு ஓடுகிறவர்கள் நடந்துகொண்டே சாப்பிடட்டும் என்று கறியைச் சீவி ரொட்டிக்குள் வைத்து விற்றார் (அவருக்கு முன்பே வேறு சிலர் விற்றதாகவும் சொல்வார்கள்). இன்றைக்குப் பல கடைகளில் அந்தக் கறிக் கூம்பு கடையில் தயாராவதில்லை. ஆலையில் கறியை மசாலாவில் ஊறவைத்து, அடுக்கடுக்காகக் கம்பியில் கோத்து, உறையவைத்து அனுப்புகிறார்கள், கடைக்காரர் அதை நெருப்பு முன்னால் சுழலவிட்டுச் சீவுகிறார், அவ்வளவுதான். அதனால் கடைக்காரர் யார் என்பதைவிடக் கூம்பு எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். 'ஹலாலா, சான்றிதழ் இருக்கிறதா?' என்று நேராகக் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். ஜெர்மன் சட்டப்படி விலங்கை மயக்காமல் அறுக்கத் தனி அனுமதி வேண்டும், அது லேசில் கிடைக்காது. மின்சாரத்தால் மயக்கினாலும் அறுக்கும்போது உயிர் இருந்தால் போதும் என்று ஏற்கும் ஆலிம்களும் (மார்க்க அறிஞர்கள்) இருக்கிறார்கள், கூடவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் எதை ஏற்பீர்கள் என்பதை மகன் விமானம் ஏறும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள், போன பிறகு போனில் வாக்குவாதம் வேண்டாம்.

கேள்வி: மெக்சிகோ வீடியோ ஒன்றில் ஷவர்மா மாதிரியே கறி சுழல்கிறது, மேலே அன்னாசிப்பழம் வேறு. அதுவும் அரபு உணவா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: வேர் அங்கேதான். லெபனான் பக்கமிருந்து மெக்சிகோவில் குடியேறியவர்கள் கொண்டுபோன சமையல்முறை அது. போனவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், அந்த ஊர் வழக்கப்படி ஆட்டுக்கறி போய்ப் பன்றிக்கறி வந்துவிட்டது. நீங்கள் பார்த்தது டாக்கோ அல் பாஸ்டோர், பன்றிக்கறிதான். கிரீஸில் இதே மாதிரி சுழலவிட்டுச் சீவும் யீரோவும் பெரும்பாலும் அப்படித்தான். கம்பியில் சுழல்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் ஓர் உணவகத்தில் 'நோ போர்க், நோ லார்ட்' என்று போர்டு வைத்திருந்தார்கள். அப்படியென்றால் ஹலால்தானே?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: இல்லை. பன்றிக்கறியும் பன்றிக்கொழுப்பும் சேர்ப்பதில்லை என்று மட்டும்தான் அந்த போர்டு சொல்கிறது. கோழியை எப்படி அறுத்தார்கள், சாஸில் சமையல் ஒயின் ஊற்றினார்களா என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை. மலேசியாவில் ஜாக்கிம், சிங்கப்பூரில் முயிஸ் என்ற அமைப்புகள் தரும் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நம்மவர்கள் நடத்தும், 'மாமாக்' எனப்படும் சின்ன உணவுக் கடைகள் பலவற்றில் முத்திரை இருக்காது. அங்கே சந்தைக்கு வரும் கோழியே பெரும்பாலும் ஹலாலாக அறுத்தது என்பதால் உள்ளூர் முஸ்லிம்கள் நம்பிச் சாப்பிடுகிறார்கள், நானும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: லக்னோ கலாவட்டி கபாப் வீட்டில் செய்தால் தவாவில் போட்டதும் உதிர்ந்துபோகிறதே, ஏன்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: கைமாவை வாங்கி வந்து கழுவுகிறீர்களா? அங்கேதான் தண்ணீர் ஏறுகிறது. கறியைத் துண்டாக வாங்கிக் கழுவி, நன்றாக வடியவிட்டு, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் கொழுப்போடு சேர்த்து இரண்டு மூன்று முறை அரையுங்கள். அடுத்த சந்தேகம் பப்பாளிக்காய் மேல். அதில் இருக்கும் பப்பைன் என்ற நொதிதான் கறியை வாயில் கரையும் பதத்துக்குக் கொண்டுவருகிறது, ஆனால் அளவு மீறினாலோ இரவு முழுக்க ஊறினாலோ கறி கூழாகி, பிடிப்பே இல்லாமல் போய்விடும். அரைக் கிலோவுக்குத் தோலோடு அரைத்த விழுது ஒரு மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம், அது போதும். பிறகு வறுத்த கடலை மாவைச் சேர்த்துப் பிசைந்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

லக்னோவில் 1905-லிருந்து இருக்கும் துண்டே கபாபி கடையில் இதை எருமைக்கறியில்தான் செய்துவந்தார்கள். 2017-ல் உத்தரப்பிரதேசத்தில் இறைச்சிக்கூடங்கள் பலவற்றை மூடியபோது கறி கிடைக்காமல் அந்தக் கடையே தடுமாறியது. தலைமுறைகளாகச் செய்துவந்த ஒரு கைப்பக்குவத்துக்கு இப்படி ஒரு நிலை வந்ததே என்று எனக்கு இன்றும் வருத்தம்தான்.

வீட்டுக்கு ஆட்டுக்கறியே நன்றாக வரும். நெய் விட்டு, தணலைக் குறைத்து, அடிப்பக்கம் பொன்னிறமாகித் தானாக விட்டுக்கொடுக்கும்வரை கரண்டி போடாதீர்கள். ஒரே ஒரு முறை திருப்பினால் போதும்.