ராவா, எடிட்டரா? எதை முதல்ல கத்துக்கறது? – கேமரா கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஞாயித்துக்கிழமை விடிகாலைல காசிமேட்டுல மீன் ஏலம் நடக்கற எடத்துல படம் எடுக்கறேன். செகண்ட்ஹேண்ட்ல கேமரா வாங்கி ஆறு மாசம் ஆகுது. ஒருத்தர் ஃபோட்டோஷாப் கத்துக்கோங்கறார், இன்னொருத்தர் லைட்ரூம் போதும்ங்கறார், அதான் ஃப்ரீயா கிம்ப் இருக்கேன்னு ஃப்ரெண்ட் சொல்றான். லேப்டாப்ல 8 ஜிபி ராம்தான், மாசாமாசம் காசு கட்ட வசதி இல்ல. எதுல ஆரம்பிக்கட்டும்?
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: தம்பி, நீங்க ஜேபெக்ல (கேமராவே முடிச்சுத் தர்ற படம்) எடுக்கறீங்களா ராவுல (சென்சார் வாங்குனத அப்படியே வைக்கற ஃபைல்) எடுக்கறீங்களான்னு எழுதவே இல்லையே, எனக்கு முதல்ல அதான் தெரியணும்.

பல வருஷத்துக்கு முன்னாடி நானும் அதே எடத்துல நின்னு எடுத்திருக்கேன், அப்ப எல்லாம் மஞ்சள் சோடியம் லைட்டு, நான் எடுத்தது வெறும் ஜேபெக். ஒரு அம்மா பெரிய வஞ்சிரத்த வாலப் புடிச்சுத் தூக்கிக் காட்டுனாங்க, அது மேல தண்ணி வழியுது, வயித்துப் பக்கம் வெள்ளி மாதிரி மின்னுது. வீட்டுக்கு வந்து பாத்தா மீனு மஞ்சத்தூள் தடவுன மாதிரி இருக்கு. எடிட்டர்ல தொறந்து மஞ்சளக் கொறச்சேன், அந்தம்மா முகம் சாம்பல் பூத்துப் போச்சு, பின்னாடி விடியற வானம் வேற படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையா ஒடஞ்சு போச்சு. அதோட விட்டனா, அதே பேர்லயே சேவ் பண்ணிட்டேன், ஒரிஜினலும் போச்சு. பிரிண்ட் போட்டுத் தரேம்மான்னு சொல்லிட்டு வந்தவன், இன்னிக்கு வரைக்கும் குடுக்கல. இது இன்னும் எனக்கு உறுத்தலாதான் இருக்கு, அதனாலதான் உங்களுக்கு இவ்ளோ நீளமா எழுதறேன்.

ஏன் அப்படி ஆச்சுன்னா, கேமரா சென்சார்ல ஒவ்வொரு புள்ளிக்கு மேலயும் ஒரே ஒரு கலர் ஃபில்டர்தான் இருக்கும், நாலு புள்ளிக்கு ரெண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடாக் கம்பெனில வேலை பாத்த பிரைஸ் பேயர் 1976ல பேடன்ட் வாங்குன முறை இது, இன்னிக்கும் பெரும்பாலான கேமராவுல இதான். ரா ஃபைல்ங்கறது ஒவ்வொரு புள்ளியும் எவ்ளோ வெளிச்சம் வாங்குச்சுங்கற கணக்கு, 12 பிட்னா 4096 படி, 14 பிட்னா 16384 படி. ஜேபெக்ல ஒவ்வொரு கலருக்கும் வெறும் 256 படிதான், ஒயிட் பேலன்ஸ் (எந்த லைட்டுலயும் வெள்ளைய வெள்ளையாக் காட்டற கணக்கு), கான்ட்ராஸ்ட், ஷார்ப்னஸ் எல்லாத்தையும் கேமராவே முடிவு பண்ணி கலந்துட்டு மிச்சத்த தூக்கிப் போட்டுடும். எனக்கு வானம் ஒடஞ்சது அதனாலதான், இழுத்துப் பாக்க உள்ள சரக்கே இல்ல. ராவுல ஒயிட் பேலன்ஸ் சும்மா ஒரு குறிப்புதான், எப்ப வேணா மாத்திக்கலாம்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். ஃபோட்டோஷாப் 1990ல வந்தது, படத்துல இருக்கற புள்ளிகளத் தொட்டு மாத்தறதுக்கு. ரா ஃபைலத் தொறக்க அதுக்குத் தனியா கேமரா ராங்கற பிளக்இன் வந்ததே 2003ல, அப்புறம் 2007ல லைட்ரூம்னு வேற சாஃப்ட்வேரே போட்டாங்க. ஏன்னா ராவத் தொறந்து சரி பண்றதும் புள்ளியத் தொட்டு மாத்தறதும் வேற வேற வேலை. உங்க ஃப்ரெண்ட் சொன்ன கிம்ப் நல்ல எடிட்டர், நான் தெனமும் தொறக்கறதுதான், ஆனா ரா ஃபைல அது தானா தொறக்காது, டார்க்டேபிள், ரா தெரபி மாதிரி ரா தொறக்கற சாஃப்ட்வேர் ஏதாவது கம்ப்யூட்டர்ல இருந்தா அதுகிட்ட அனுப்பி வாங்கிக்கும்.

அதனால வெளிச்சமும் கலரும் சரியில்லன்னா அது ரா சாஃப்ட்வேர் வேலை, படத்துக்குள்ள ஒரு பொருளத் தொடணும்னா, படகுக்குக் குறுக்கால போற ஒயர எடுக்கணும், ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கற யாரோ ஒருத்தர் கைய மறைக்கணும், மேல எழுத்து போடணும்னா அது எடிட்டர் வேலை. ஏலத்துல எடுக்கற உங்களுக்கு பத்துல ஒம்பது படத்துக்கு முதல் வேலையோடயே முடிஞ்சுடும்னு என் அனுபவத்துல சொல்றேன், அதனால ராவுலயே ஆரம்பிங்க.

அதுலயும் முதல்ல உங்க கேமரா கம்பெனியே ஃப்ரீயா தர்ற சாஃப்ட்வேர போடுங்க, கேனானுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபெஷனல், நிகானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். காரணம் இருக்கு. புதுசா ராவத் தொறக்கறவங்க, ஐயோ கேமராவுல பளிச்னு இருந்துச்சே இங்க மங்கலா இருக்கேன்னு பயந்துடறாங்க, கேமரா ஸ்க்ரீன்ல காட்டறது அது செஞ்சு வச்ச குட்டி ஜேபெக், மத்த சாஃப்ட்வேர் அப்படியே காட்டாது, கம்பெனி சாஃப்ட்வேர்ல ஏறக்குறைய அதே மாதிரி வரும். ஒரு ரெண்டு மாசம் கை பழகட்டும், அப்புறம் டார்க்டேபிளுக்கு வாங்க, அதுவும் ஃப்ரீ, மொத்தத்துல எக்ஸ்போஷர் (வெளிச்சம்), கலர், நாய்ஸ் (இருட்டுல வர்ற புள்ளி புள்ளி) இந்த மூணு மட்டும் போதும், மத்த பட்டன் பக்கம் போகாதீங்க. 8 ஜிபில ஓடும், பிரவுசர மட்டும் மூடி வச்சுக்கோங்க. உங்க மாத்தத்த எல்லாம் எக்ஸ்எம்பின்னு ஒரு சின்ன ஃபைல்ல பக்கத்துலயே எழுதி வைக்கும், ரா ஃபைலத் தொடவே தொடாது, ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்தும்போது ரெண்டையும் சேத்து காப்பி பண்ணுங்க. எடிட்டருக்குப் போக வேண்டிய படத்த 16 பிட் டிஃப்பா (தரம் கொறையாம வைக்கற ஃபைல்) அனுப்புங்க, ஜேபெக் கடைசில.

ஒண்ணு மறந்துட்டேன். ராவுலயும் எல்லாம் திரும்பி வராது. பல்பு சுத்தி முழுசா வெள்ளையா எரிஞ்சு போன எடத்துல உள்ள ஒண்ணும் இருக்காது, அதனால ஏலத்துல ஒரு ஸ்டாப் வரைக்கும், அதாவது பாதி வெளிச்சம் வரைக்கும், கொஞ்சம் இருட்டாவே எடுங்க. சோடியம் லைட்டுல நீலம் ரொம்ப ரொம்பக் கம்மி, லைட்டுல இல்லாத கலர எந்த சாஃப்ட்வேரும் கொண்டு வராது. இப்ப எல்இடி நெறைய வந்துட்டதால உங்களுக்கு அந்தக் கஷ்டம் கொறைவு.

கேள்வி: ஃபோன்ல ப்ரோ மோடு போட்டு எண்ணூர் கழிமுகத்துல ரா எடுத்தேன் சார், சாதாரண படத்த விட மோசமா புள்ளி புள்ளியா இருக்கு. ஏன்?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சாதாரண மோடுல ஃபோன் மளமளன்னு பல படம் எடுத்து ஒண்ணாச் சேத்துத் தரும், அதுலயே நாய்ஸ் போயிடும். ப்ரோ மோடு ரா பெரும்பாலும் ஒரே ஒரு படம், சின்ன சென்சார், அதான் புள்ளி. நல்ல வெளிச்சத்துல மட்டும் ரா எடுங்க, ஸ்னாப்சீட்ங்கற ஃபோன் ஆப்ல டிஎன்ஜி ஃபைல் (ஃபோன் தர்ற ரா) தொறக்கும், ஃப்ரீதான். சாயங்காலம் இருட்டுனப்புறம் சாதாரண மோடே நல்லது.

கேள்வி: எங்க பாட்டியோட பழைய படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, ஈரம் பட்டு கறையாயிடுச்சு. வருஷத் திதிக்குள்ள பெருசா ஃப்ரேம் போடணும். இதுக்கு ரா சாஃப்ட்வேர் வேணுமா?
– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: வேணாம்மா, இது முழுக்க எடிட்டர் வேலை, கிம்ப் போதும். படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சுன்னா பிச்சு எடுக்கவே எடுக்காதீங்க, கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணுங்க. 600 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 600 புள்ளி), டிஃப் ஃபைல், கருப்பு வெள்ளைப் படமா இருந்தாலும் கலர்லயே ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, ஈரக்கறை ஏதாவது ஒரு கலர்ல மட்டும் கம்மியாத் தெரியும், அந்த ஒரு கலர (சேனல்னு சொல்வாங்க) மட்டும் எடுத்துக்கிட்டா பாதி வேலை மிச்சம். 8க்கு 12 இன்ச் பிரிண்டுக்கு 2400க்கு 3600 பிக்சல் இருந்தா நல்லா வரும். மிச்சக் கறைய, படத்தோட நகல் லேயர்ல (மேல வைக்கற அடுக்கு) சின்ன பிரஷ் வச்சு ஹீல் டூல்ல (பக்கத்துல இருக்கறத வச்சு கறைய மறைக்கறது) ஒத்தி ஒத்தி எடுங்க, முகத்துல மட்டும் அவசரமே வேணாம், அம்மாவப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு எது கறை, எது மச்சம், எது மூக்குத்தின்னு கேட்டுக் கேட்டு பண்ணுங்க.