ஒழுகும் சிலாப்புக்கு யார் பொறுப்பு?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழே எங்கள் படுக்கையறைச் சிலாப் ஒழுகுகிறது. பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. கனடாவிலுள்ள உரிமையாளர் கட்டியவரிடம் கேட்கச் சொல்கிறார். கட்டியவரோ எங்களோடு தனக்குக் கதையில்லை என்கிறார். உரிமையாளரின் தம்பி, திருத்தச் செலவை எங்கள் முற்பணத்தில் கழிக்கப் போகிறாராம். என்ன செய்வது?
— வாசகி, கொழும்பு 6

பதில்: கட்டியவர் சொல்வதில் உண்மை உண்டு. அவரோடு ஒப்பந்தம் செய்தவர் வீட்டு உரிமையாளர்; நீங்கள் செய்த ஒப்பந்தம் உரிமையாளரோடு மட்டுமே. அதனாலேயே உரிமையாளர் உங்களைக் கட்டியவரிடம் அனுப்புவது பிழை. நமது நாட்டில் வாடகை உறவுக்கு அடிப்படையாகவுள்ள உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வாடகைக்கு விடுபவர் வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் ஒப்படைக்கவும், வாடகைக் காலம் முழுவதும் அந்நிலையில் பேணவும் கடமைப்பட்டவர். கொங்கிறீட்டிலோ நீர்த்தடுப்புப் பூச்சிலோ குறை வைத்தவர் யார் என்பது அவருக்கும் கட்டியவருக்கும் இடையிலான கணக்கு.

தம்பியிடம் அற்றோணித் தத்துவம் இருக்கலாம். அது அண்ணனுக்காகச் செயற்படும் அதிகாரமேயன்றி உங்கள் முற்பணத்தில் கைவைக்கும் உரிமையல்ல. ஒப்பந்தத்தில் சிறு திருத்தங்கள் வாடகைக்காரரின் பொறுப்பு என்று எழுதியிருந்தாலும், அது பல்பையும் குழாய் வாஷரையும் குறிக்குமே தவிர சிலாப்பைக் குறிக்காது. முத்திரையில் கையெழுத்திட்டதோடு நொத்தாரிசு இல்லாமல் விட்டிருந்தால், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை செல்லாது என்பதால், இரண்டு வருடம் என்று எழுதியதை வலியுறுத்த முடியாது. ஆயினும் மாத வாடகை உறவும் உரிமையாளரின் மேற்கண்ட கடமையும் தொடரும்.

இனி உங்கள் பக்கம் செய்ய வேண்டியது. குறையைப் பற்றி உரிமையாளருக்கும் தம்பிக்கும் எழுத்தில் அறிவியுங்கள்; பதிவுத்தபாலிலும் அனுப்புங்கள், வட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். குறையின் அளவுக்கு வாடகையைக் குறைக்கக் கோர, உரிமையாளர் அதை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பொருட்சேதத்துக்கோ காயத்துக்கோ நட்டஈடு கேட்பதென்றால், அவர் அறிந்திருந்தார் அல்லது அறிந்திருக்க வேண்டியவர் என்று காட்ட வேண்டிவரும். அந்தக் கடிதம்தான் அதற்குச் சாட்சி. மேல்வீட்டார் குளித்த பிறகு மட்டும் சொட்டுகிறதா, இரவு பகலாகச் சொட்டுகிறதா என்பதைத் திகதியோடு குறித்து வையுங்கள். முன்னது குளியலறைத் தளத்தையோ கழிவுநீர்க் குழாயையோ காட்டும், பின்னது பெரும்பாலும் தண்ணீர் வரும் குழாயைக் காட்டும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீட்டைப் பிளந்து தள்ளும் என்பதால், மேலே பூசி வெள்ளையடித்துத் தரும் திருத்தத்தை ஏற்க வேண்டாம். பொறியியலாளர் ஒருவர் பார்க்கும் வரை அந்த அறையில் படுக்காதீர்கள். 2017 மே மாதத்தில் வெள்ளவத்தையிலேயே கட்டடம் இடிந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டதை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள்.

உங்களுடையது கூட்டாதனமாக, அதாவது வீடுகள் தனித்தனியாருக்கும் ஏனையவை எல்லாருக்கும் பொதுவாகவும் உரித்தாகப் பதிவான தொடர்மாடியாயின், தூண், உத்தரம் போன்றவை பொது மூலகங்கள், அதாவது எல்லா உரிமையாளருக்கும் பொதுவான பகுதிகள். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவற்றைப் பேணுவது வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் வேலை. மேல்வீட்டாரையும் அந்தக் கூட்டுத்தாபனத்தையும் அசைக்க வேண்டியவரும் உங்கள் உரிமையாளரே. அவர்கள் அசையாவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையில் அவர் முறையிடலாம். அனுமதி பெற்ற வரைபடத்தின்படி கட்டப்பட்டதென்று காட்டும் இணக்கச் சான்றிதழ் கட்டடத்துக்கு உண்டா என்றும் கடிதத்தில் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

கோபத்தில் வாடகையை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். அறிவித்தும் உரிமையாளர் அசையாதபோது, அவசியமான திருத்தத்தைச் செய்து நியாயமான செலவை வாடகையில் கழிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் நிலுவை வைத்த வாடகைக்காரரை வெளியேற்றுவது எளிது. ஆகவே சட்டத்தரணியிடம் கேட்காமல் ஒரு சதமும் கழிக்க வேண்டாம், பற்றுச்சீட்டு எதையும் எறியவும் வேண்டாம். வீடு குடியிருக்கவே தகாததென்று பொறியியலாளர் எழுதித் தந்தால், ஒப்பந்தத்தை முறித்து முற்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். தர மறுத்தால், தொகை சிறியதாயின் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியிருக்கும்.